வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதிய லேப்டாப் வாங்கி பில் போடும் நேரத்தில், கடைக்காரர் கடைசியாகக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "ஆன்டிவைரஸ் ஒன்று சேர்த்துவிடலாமா சார்?" என்பதாகவே இருக்கும். சரி என்று தலையாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அந்தக் கணினியில் ஓர் ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது என்பது. 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாஃப்ட் தன் டிஃபெண்டரை முழுமையான ஆன்டிவைரஸாகவே விண்டோஸுக்குள் வைத்துத் தருகிறது. அதற்குத் தனிக் கட்டணமோ, ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய உரிமமோ கிடையாது. எனவே, சந்தையில் எது முதலிடத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவதைவிட, இருப்பது நம் வீட்டுக்குப் போதுமா, போதாதென்றால் எந்த இடத்தில் போதவில்லை என்று பார்ப்பதே பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். இந்தக் கட்டுரை விண்டோஸ் கணினிகளை மட்டுமே கருத்தில் கொள்கிறது.

முதலில் இருப்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தட்டச்சு செய்தால் கேடயம் போன்ற சின்னத்துடன் ஒரு திரை திறக்கும். அதில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்' என்ற பகுதிக்குள் சென்று, இப்போது காவலில் இருப்பது எந்த மென்பொருள் என்று பாருங்கள். பல லேப்டாப்களில் அங்கே டிஃபெண்டரின் பெயர் இருக்காது. தயாரிப்பு நிறுவனம் முன்கூட்டியே போட்டு அனுப்பிய ஏதோ ஒரு நிறுவனத்தின் சோதனைப் பதிப்பின் பெயர் இருக்கும். வேறொரு ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டால், டிஃபெண்டர் வீட்டுக் கணினிகளில் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். சோதனைக் காலம் முடிந்த பிறகும் அந்த மென்பொருளை நீக்காமல், "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று அது காட்டும் அறிவிப்பை மட்டும் மூடிவிட்டு மாதக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்ட கணினிக்கு முதல் சிகிச்சை, காலாவதியானதை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் மீண்டும் காவலுக்கு வந்துவிட்டதா என்று அதே திரையில் உறுதி செய்துகொள்வதுதான்.

டிஃபெண்டர் இயங்குகிறது என்றால், அதில் இன்னும் சில அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். 'டாம்பர் புரொடெக்ஷன்' என்பது, உள்ளே நுழைந்த தீய மென்பொருள் முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைத்துவிடாமல் தடுப்பது. அது இயங்கு நிலையில் இருக்க வேண்டும். 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' பகுதிக்குள் 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்' என்ற இணைப்பில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. இலவச பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர மென்பொருள்களைத் தடுப்பது அதுதான், அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள். மூன்றாவதாக, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுப்பதற்கான 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்'. இதை இயக்கினால், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் அறிமுகமில்லாத எந்த நிரலும் கைவைக்க முடியாது. குடும்பப் புகைப்படங்களும் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகளும் இருக்கும் கணினிக்கு இது மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால் தொடக்கத்தில் சில நாட்கள், பழைய கணக்கு மென்பொருள் போன்ற நல்ல நிரல்களையும் அது தடுக்கக்கூடும். அவற்றை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் பொறுமை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் விண்டோஸ் பதிப்பு பழையதாக இருந்தால் பயன் குறைவு. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 10 வீட்டுப் பயனர்களுக்கு, தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் நீட்டிப்பு தந்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 10-ல் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வந்துகொண்டிருக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்திருப்பதால், "அப்டேட் வருகிறதே" என்று நிம்மதியாக இருந்துவிடத் தோன்றும். பட்டியல் வருவது வேறு, விண்டோஸில் உள்ள ஓட்டைகள் அடைபடுவது வேறு. 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸின் ஓர் ஓட்டை வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. ஆதரவு முடிந்த விண்டோஸின் மேல் விலையுயர்ந்த ஆன்டிவைரஸைப் போடுவது, பின்கதவு திறந்து கிடக்கும் வீட்டுக்கு வாசலில் இரட்டைப் பூட்டு போடுவதற்குச் சமம். செலவழிக்க முடிகிற தொகை சிறியது என்றால், அதை விண்டோஸ் 11 ஏற்கும் நிலைக்குக் கணினியைக் கொண்டுவருவதற்கே ஒதுக்க வேண்டும்.

அடுத்து, இன்றைக்கு வீட்டுக் கணினிக்குள் தீய மென்பொருள் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் தேர்வு அதைப் பொறுத்தே அமையும். திரையில் எழுத்துகள் உதிர்ந்து விழச் செய்யும் பழைய காலத்து வைரஸ்கள் இப்போது அரிது. இன்று அதிகம் பரவுபவை, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் உள்நுழைவுத் தடயங்களையும் சத்தமில்லாமல் அள்ளிச் செல்லும் 'இன்ஃபோ ஸ்டீலர்' வகையினம். ரெட்லைன், லும்மா போன்றவை இவ்வகையில் பேர்போனவை. இவை பெரும்பாலும் கிராக் செய்யப்பட்ட மென்பொருள், கணினி விளையாட்டில் குறுக்கு வழியில் வெல்ல உதவும் 'சீட்' கோப்பு, விண்டோஸை இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் கருவி ஆகியவற்றின் வேடத்தில் வருகின்றன. அந்தத் தளங்களில் முதல் குறிப்பே "நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்" என்பதாக இருக்கும். நாமே அணைத்துவிட்டால், எந்த நிறுவனத்தின் மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு புதிய தந்திரம், "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று கேட்கும் போலிப் பக்கம். அது விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் சிறு பெட்டியில் ஏதோ ஒன்றை ஒட்டி, என்டர் தட்டச் சொல்லும். உண்மையான எந்தச் சோதனையும் அப்படிக் கேட்காது என்பதை வீட்டில் கணினி தொடும் எல்லோருக்கும் சொல்லி வைப்பது, எந்த உரிமத்தையும்விட மேலான காவல்.

நம் ஊர்களில் இவற்றோடு பென் டிரைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஹால் டிக்கெட்டையோ புராஜெக்ட் அறிக்கையையோ பிரின்ட் எடுத்துவிட்டு வந்து, பென் டிரைவை வீட்டுக் கணினியில் செருகினால், உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் மூலையில் சிறிய வளைந்த அம்புக்குறியுடன் தெரியும். அவை கோப்புறைகள் அல்ல. அசல் கோப்புறைகளை மறைத்து வைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை உருவாக்கும் வைரஸின் வேலை. ஒன்றைச் சொடுக்கினால் கோப்புறை திறப்பதோடு வைரஸும் கணினிக்குள் இறங்கிவிடும். இதில் ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. டிஃபெண்டர், சந்தேகத்துக்குரிய கோப்பைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சர்வர்களைக் கேட்டு முடிவெடுப்பதைப் பெரிதும் நம்பியிருப்பதால், இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைகிறது என்பதை, ஆன்டிவைரஸ்களைச் சோதித்து ஒப்பிடும் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ் அமைப்பின் சோதனைகளில் காணலாம். பல கடைகளுக்கும் கல்லூரி ஆய்வகத்துக்கும் பென் டிரைவோடு போய்வருகிற பிள்ளைகள் இருந்து, வீட்டு இணையமும் அவ்வப்போது மட்டுமே இயங்குகிறது என்றால், இணைப்பு இல்லாமலும் நன்றாகப் பிடிக்கும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வசதி வேண்டும் என்றாலோ, சிக்கல் வரும்போது தொலைபேசியில் ஒருவரை அழைத்துப் பேச முடிய வேண்டும் என்று பெற்றோர் விரும்பினாலோ அதுவும் நியாயமான காரணமே. நெட் பேங்கிங் செய்கிறோம் என்ற ஒன்றுக்காக மட்டும் வாங்க வேண்டியதில்லை. ஓடிபி-யை நாமே இன்னொருவருக்குச் சொல்லிவிட்டாலோ, நம் கணினியை வேறொருவர் தொலைவிலிருந்து இயக்க வழிசெய்யும் எனிடெஸ்க் போன்ற செயலியை யாரோ சொன்னார்கள் என்று நாமே நிறுவி அனுமதி கொடுத்துவிட்டாலோ, அதை ஆன்டிவைரஸ் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், விளம்பரத்தையும் யூடியூப் தரவரிசைகளையும் விட்டுவிட்டு, இந்தச் சோதனைகளுக்கென்றே இயங்கும் அமைப்புகளின் முடிவுகளைப் படிக்க வேண்டும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் உள்ள ஏவி-கம்பேரேட்டிவ்ஸ், இங்கிலாந்தின் எஸ்இ லேப்ஸ் ஆகிய மூன்றும் தங்கள் முடிவுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட், பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டுத் தன்மை என்ற மூன்றுக்கும் தலா 6 வீதம் 18 மதிப்பெண் தருகிறது. இங்கே பலர் செய்யும் பிழை, 99.8 சதவீதம் பிடித்ததற்கும் 99.9 சதவீதம் பிடித்ததற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வது. ஒரே ஒரு சோதனையில் முன்பின் ஆவது பொருட்டல்ல. கடந்த ஓரிரு ஆண்டுகளின் முடிவுகளில் ஒரு மென்பொருள் சீராக மேலே இருக்கிறதா என்று பாருங்கள். டிஃபெண்டரே பல சுற்றுகளில் முழு மதிப்பெண்ணை ஒட்டி நிற்பதையும் அங்கே கவனிக்கலாம். பட்டியலில் பெயரே இல்லாத மென்பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடித்த எண்ணிக்கைக்கு நிகராகத் தவறான எச்சரிக்கைகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நல்ல கோப்பையும் வைரஸ் என்று அடிக்கடி கூப்பாடு போடும் மென்பொருளுக்குப் பழகிவிட்டால், உண்மையான எச்சரிக்கை வரும்போதும் விரல் தானாகவே 'அனுமதி' பட்டனை அழுத்திவிடும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்: விசைப்பலகையில் அழுத்துவதை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றும் பழைய மென்பொருள்கள், செயல்படும் விதத்தில் விசைகளை ஒட்டுக்கேட்கும் கீலாகர்களை ஒத்திருப்பதால் சந்தேகத்துக்கு உள்ளாகக்கூடும். அப்படி நேர்ந்தால், கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த நிறுவல் கோப்பை ஏற்றி, பல நிறுவனங்களின் வைரஸ் கண்டறியும் எஞ்சின்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆனால் வங்கி அறிக்கை, ஆதார் நகல் போன்ற சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றக் கூடாது. ஏற்றிய கோப்பு வேறு ஆய்வாளர்கள் கைக்கும் போகும்.

விலையைவிடவும் சோதனை மதிப்பெண்ணைவிடவும் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது, நிறுவனத்தைப் பற்றி விசாரிப்பதற்கு. ஆன்டிவைரஸ் என்பது கணினியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும், பல நேரங்களில் நாம் போகும் ஒவ்வொரு இணையப் பக்கத்தையும் பார்க்கும் அதிகாரம் கொண்ட மென்பொருள். இலவச ஆன்டிவைரஸால் உலகெங்கும் புகழ்பெற்ற அவாஸ்ட், பயனர்களின் இணைய உலாவல் தகவல்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது என்ற குற்றச்சாட்டின் பேரில், அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் அதன்மேல் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி நடவடிக்கை எடுத்தது. ஜம்ப்ஷாட் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்று அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் ஆகிய நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. ஆகவே ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுகிறவர், பல நேரம் அதே முதலாளியிடமே வாடிக்கையாளராகத் தொடர்கிறார். ரஷ்யாவின் காஸ்பர்ஸ்கை, சோதனைகளில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தும், 2024-ல் அமெரிக்க அரசு தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதன் விற்பனையைத் தடை செய்தது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளர்கள் பலர், ஒரு காலையில் தங்கள் கணினியில் காஸ்பர்ஸ்கை மறைந்து, கேள்விப்படாத வேறொரு ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல், மும்பையின் இஸ்கேன் போன்ற இந்திய நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இஸ்கேனின் அப்டேட் பாதுகாப்பற்ற இணைப்பில் போய்க்கொண்டிருந்ததைப் பயன்படுத்தி, அதன் வழியாகவே தீய நிரலை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள் என்பது 2024 ஏப்ரலில் வெளியானது. அந்த ஓட்டை அதற்கு முன்பே, 2023-லேயே அடைக்கப்பட்டிருந்தது. எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், கடந்த காலத்தில் சிக்கல் வந்தபோது அதை ஒப்புக்கொண்டு திருத்தியதா, மறைக்கப் பார்த்ததா என்பதை ஒரு மணி நேரம் தேடிப் படித்தால் தெரிந்துவிடும்.

இனி பெட்டியின் மேல் எழுதியிருப்பவை. ஆன்டிவைரஸ், இன்டர்நெட் செக்யூரிட்டி, டோட்டல் செக்யூரிட்டி என்று படிப்படியாக விலை ஏறும் பதிப்புகளில், வைரஸைப் பிடிக்கும் எஞ்சின் பெரும்பாலும் ஒன்றுதான். மேலே ஏற ஏறச் சேருவன, இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன், பாஸ்வேர்டு மேலாளர், கணினியை 'வேகப்படுத்தும்' கருவி போன்றவை. விபிஎன் ஒரு நாளைக்கு இவ்வளவு டேட்டா என்ற வரம்போடு வரலாம். பாஸ்வேர்டு மேலாளர் தனியாக இலவசமாகவே கிடைக்கிறது. வேகப்படுத்தும் கருவியால் பயன் எதுவும் இல்லை என்பது என் கருத்து. அடிப்படைப் பதிப்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். ஆனால் வீட்டில் இரண்டு லேப்டாப்களும் ஒரு மேசைக் கணினியும் இருந்தால், ஒரு கணினிக்கான உரிமம் மூன்று வாங்குவதைவிட மூன்று கருவிகளுக்கான ஒரே உரிமம் மலிவாக இருக்கும்.

விலை விஷயத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டுக்குப் பெரிய தள்ளுபடி காட்டி, இரண்டாம் ஆண்டு முழு விலையில் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுப்பது இந்தத் துறையில் வழக்கம். வாங்கும் பக்கத்தில் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். முதல் ஆண்டு விலையோடு அதையும் கூட்டி, இரண்டாண்டுச் செலவு என்ன என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். ஆயினும் அந்தக் குறுஞ்செய்தியை நம்பி இராமல், வாங்கிய அன்றே கணக்கில் நுழைந்து தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுவது நல்லது. கடையில் சீல் வைத்த பெட்டியாக வாங்குவதில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியில் வாங்கினால், உள்ளே இருக்கும் எண்ணைச் சுரண்டும் முன் பில் கையில் இருக்கிறதா, பெட்டி ஏற்கெனவே திறக்கப்படவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நூறு இருநூறு ரூபாய்க்கு விற்கப்படும் 'கீ'கள் பலருக்கு விற்ற ஒரே எண்ணாக இருந்து, இரண்டு மாதத்தில் முடக்கப்படலாம்.

பணம் கொடுக்கும் முன், அந்நிறுவனத் தளத்திலிருந்து சோதனைப் பதிப்பை இறக்கி உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். குறிப்பாக, 4 ஜிபி ராமும் பழைய வகை ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில், ஆய்வகத்தில் வேகமாக இருந்த மென்பொருளும் தவழக்கூடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமாகத் திறக்கும் பிரவுசரையும் எக்செல் கோப்பையும் திறந்து, 'டிஸ்க்' என்ற நெடுவரிசை நீண்ட நேரம் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். முதல் நாள் முழு ஸ்கேன் ஓடும்போது அப்படி நிற்பது இயல்பே. மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் அந்த மென்பொருள் உங்கள் கணினிக்கு ஏற்றதல்ல. எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ்கள் இரண்டை ஒரே கணினியில் போடக் கூடாது. ஒன்று தடுத்து வைத்த கோப்பை மற்றொன்று எடுத்துச் சோதிக்கும், கணினி திணறும், சில நேரம் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. இரண்டாவது கருத்து வேண்டும் என்றால், மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போன்று, நாம் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, செட்டிங்ஸில் உள்ள அன்இன்ஸ்டாலோடு நின்றுவிடாமல், பழைய நிறுவனம் தன் தளத்தில் தரும் தனி நீக்கும் கருவியையும் ஓட்டினால் மிச்சம் மீதி போகும்.

பிரவுசரில் திடீரென்று சைரன் ஒலியோடு தோன்றி, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, இந்த எண்ணை உடனே அழையுங்கள்" என்று சொல்லும் பக்கத்தின் வழியாக எதையும் வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அந்தப் பக்கம் முழுத் திரையையும் பிடித்துக்கொண்டு மூட மறுத்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரிலிருந்து பிரவுசரை மூடினால் போதும். ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிய வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் நிறுவி முடித்த பின், காவலாளி விழித்திருக்கிறாரா என்று பார்க்க ஆபத்தில்லாத ஒரு வழி உண்டு. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு, ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதற்கென்றே 68 எழுத்துகள் கொண்ட ஒரு சிறிய கோப்பைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அது வைரஸ் அல்ல. ஆனால் ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸாகக் கருதிப் பிடிக்க ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை டவுன்லோடு செய்ய முயன்றவுடனோ, சேமித்த சில நொடிகளிலோ எச்சரிக்கை வந்து, கோப்பு தனிமைப்படுத்தப்பட வேண்டும். கோப்பு எந்தச் சலனமும் இல்லாமல் டவுன்லோட்ஸ் கோப்புறையில் அப்படியே உட்கார்ந்திருந்தால், உடனடிப் பாதுகாப்பு அணைந்திருக்கிறது, அல்லது அந்தக் கோப்புறையை யாரோ விலக்குப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். விலக்குப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காத எது இருந்தாலும் நீக்கிவிட்டு, கணினி முழுவதையும் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள்.